வெர்னாவுக்கு ஒரு நம்பர் பிளேட்

பாட்டர் கிரீக், ஐடஹோ
ஜூன் 20, 2011

ஹார்லன்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. மலை உச்சிக் கோபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, காட்டில் எங்கேயாவது புகை கிளம்புகிறதா என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவனுக்கு என்ன கேடு வந்துவிடப் போகிறது? அங்கே போன் எடுக்காது என்பதால் நோராவின் கோவேறு கழுதைகளை நம்பி எழுதுகிறேன். அவள் அடுத்த முறை சாமான் ஏற்றிக்கொண்டு மேலே வரும்போது இது உன் கைக்கு வந்துவிடும்.

விஷயம், நீ கொடுத்த நாலுசக்கர பைக். போன வாரம் அதில் தபால் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஷெரீஃப் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன் விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு பின்னாலேயே வந்து நிறுத்தினான். சட்டையில் இஸ்திரி மடிப்புகூடக் கலையவில்லை.

"மேடம், இது காட்டுல, வயல்ல ஓட்டுற வண்டி. ரோட்டுல வரக் கூடாது."

"இந்த ஊர்ல எல்லாரும்தானே ஓட்டுறாங்க?"

"அவங்களையும் நிறுத்துவேன். நீங்க முதல்ல மாட்டிக்கிட்டீங்க. ஹார்ன், கண்ணாடி, பிரேக் லைட், நம்பர் பிளேட் எல்லாம் போட்டுட்டு ஓட்டுங்க. இல்லேன்னா அடுத்த தடவை வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

தபால் ஆபீஸ் வாசலில் நின்ற நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் வண்டி ஒன்றுக்கும் பிளேட் கிடையாது. ஒருத்தனும் வாயைத் திறக்கவில்லை. சீ, என்ன ஜென்மங்களோ.

என் நிலைமை உனக்குத் தெரியும். டிரக் மார்ச்சிலேயே உயிரை விட்டுவிட்டது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஏழு மைல். ஆகஸ்ட் 29 அன்று பள்ளி திறக்கிறது. காலை ஆறு மணிக்கு நான் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வேலைக்கு வேறு ஆள் காத்திருக்கிறது. வேலை போனால் வீட்டை விற்றுவிட்டு பாய்ஸியில் மகள் வீட்டு நிலவறையில் போய் முடங்க வேண்டியதுதான். அதற்கு நான் தயாராக இல்லை. வண்டியைச் சட்டப்படி ஆக்கப் போகிறேன்.

முதல் வேலையாக அதைக் கழுவினேன். காற்று வடிகட்டிக்குள் எலிக்கூடு, கூட்டுக்குள் செத்த எலி. சக்கரத்து மூடிக்கு அடியில் நீ துப்பிய புகையிலைச் சாறு காய்ந்து கெட்டிப்பட்டிருக்கிறது. பின்னால் சாமான் கட்டும் கம்பியில் என்றைக்கோ ஏற்றிய மானின் ரத்தம். கையுறை போட்டுக்கொண்டு சுரண்டியும் இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மனிதன் வைத்திருந்த வண்டியா இது? சுரண்டிய இடத்தில் பச்சைப் பெயின்ட்டுக்கு அடியில் சிவப்பு தெரிகிறது. யாரிடம் வாங்கினாய்?

உரிமைப் பத்திரத்தை அனுப்பு. அது இல்லாமல் மாவட்ட அலுவலகத்தில் பேசவே மாட்டார்களாம்.

வெர்னா


ஸ்கார் மலைக் கோபுரம்
ஜூலை 2

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தேன். ஊருக்கெல்லாம் சாப்பாடு போட்டவளைப் போய் நிறுத்தியிருக்கிறானே, அந்தப் பையன் நன்றாகவே இருக்கமாட்டான். இங்கே போன வாரம் ஒரு கரடி வந்து என் கழிப்பறைக் கதவைப் பிய்த்துப் போட்டது. அதனிடமும் நம்பர் பிளேட் இல்லை.

வண்டியை நெவாடாவில், வின்னமக்கா பக்கம் ஒருத்தனிடம் வாங்கினேன். சிவப்பா பச்சையா என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. பத்திரம் என் டிரெய்லரில் எங்கேயோ கிடக்கும். செப்டம்பர் கடைசியில் இறங்கி வந்து தேடித் தருகிறேன். அதற்குள் ஏன் வம்பை விலைக்கு வாங்குகிறாய்? நம் ஊரில் எவன் பிளேட் போட்டு ஓட்டினான்? வயல் வரப்பு வழியாக, வாய்க்கால் ஓரமாகவே ஓட்டிக்கொண்டு போ. பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கமாகவே போய்விடலாம், தார் ரோட்டைத் தொடவே வேண்டாம்.

அதுவும் முடியாது என்றால் இன்னொன்று சொல்கிறேன், கோபப்படாதே. எனேக்கோ தினமும் விடிகாலை உன் வாசல் வழியாகத்தான் ஆட்டுப்பட்டிக்குப் போகிறார். டிரக்கில் பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. நீ ஒரு வார்த்தை கேட்டால் மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை அவர்.

ஹார்லன்


பாட்டர் கிரீக்
ஜூலை 11

ஹார்லன்,

அந்தப் பெயரை எனக்கு எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

அந்தத் திருடன் டிரக்கில் ஏறுவதைவிட நான் ஏழு மைலும் நடந்து, வழியிலேயே விழுந்து சாவேன். என் கணவர் ஆர்லோவும் அவனும் முப்பது வருடம் ஒன்றாக வேட்டைக்குப் போனவர்கள். ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஆர்லோ ஆசை ஆசையாகப் புது பைக் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. 2004 அக்டோபரில் நாங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினால் கொட்டகை காலி. பூட்டை யாரும் உடைக்கவில்லை. சாவி காப்பித் தகர டப்பாவில் இருப்பது நம் வீட்டு ஆட்களைத் தவிர அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஆடு பார்க்கப் போக வேண்டும் என்று வாரா வாரம் இரவல் வாங்கியவன் அவன்தானே?

ஆர்லோ போலீஸுக்குப் போகவில்லை. சிநேகிதனைச் சட்டத்தின் கையில் பிடித்துக் கொடுக்கிற வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது. தீயணைப்புப் படையின் விருந்தில், ஊர் மொத்தமும் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து கேட்டார். நீயும்தான் இருந்தாய்.

"எனேக்கோ, என் வண்டி எங்க?"

"எந்த வண்டி?"

"கேக்குறான் பாரு, எந்த வண்டின்னு!"

அவன் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு ஊர்க் காப்பிக் கடையில் அவனுக்கு யாரும் நாற்காலி நகர்த்தவில்லை. நாலு வருடம் கழித்து ஆர்லோ இறந்தபோது தேவாலய வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான், வெட்கமில்லாமல். நான் உன்னை அனுப்பித்தான் அவனை விரட்டினேன். அதையெல்லாம் மறந்துவிட்டு, பக்கத்து இருக்கை காலி என்கிறாய்.

உன் டிரெய்லருக்குப் போனேன். கதவைத் திறந்ததும் வந்த நாற்றத்தில் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகிய வெங்காயமும் ஈரச் சாக்ஸும். மூன்று மணி நேரம் தேடினேன், பத்திரம் இல்லை.

ஹார்ன் பொருத்திவிட்டேன். கண்ணாடி இரண்டு, பிரேக் லைட், பிளேட்டுக்கு மேலே எரிய ஒரு குட்டி விளக்கு, எல்லாம் என் கையாலேயே. மாவட்ட அலுவலகப் பெண் சொல்கிறாள், பத்திரம் தொலைந்தால் பரவாயில்லை, நோட்டரி முன்னால் நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்து, ஷெரீஃப் ஆள் ஒருவர் வந்து சேசிஸ் நம்பரைப் பார்த்து எழுதினால் போதுமாம். நம்பரைத் தேடினேன். அது இருக்க வேண்டிய இடத்தில், இழுவைக் கயிறு சுற்றும் வின்ச் மாட்டுவதற்கென்று நீ ஒரு இரும்புத் தகட்டை வெல்டிங் செய்து வைத்திருக்கிறாய். வின்ச்சே இல்லாத வண்டிக்கு எதற்கடா அது?

வெர்னா


ஸ்கார் மலைக் கோபுரம்
ஜூலை 24

அக்கா,

தயவுசெய்து அந்தத் தகட்டை வெட்டாதே. அது வின்ச்சுக்கு மட்டும் இல்லை, வண்டியின் இரும்புச் சட்டத்தில் விரிசல் இருந்த இடத்துக்குத் தாங்கலாகவும் வைத்தேன். வெட்டினால் வண்டி இரண்டாக உடைந்துவிடும். நீ ஓட்டிக்கொண்டு போகும்போது உடைந்தால் என்ன ஆகும் என்று யோசி.

நோட்டரிக்கு நான் எங்கே போவேன்? சுற்றிலும் நாற்பது மைலுக்கு நோராவின் கழுதைகளைத் தவிர சாட்சிக்கு ஆள் கிடையாது.

நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வண்டி உனக்கு வேண்டாம். பழைய இரும்புக்குப் போட்டுவிடு. அக்டோபரில் உனக்கு ஒரு நல்ல பழைய கார் வாங்கித் தருகிறேன், சத்தியமாக. ஒரு மாதம்தானே, பள்ளிக்கூடத்தில் உடம்பு சரியில்லை என்று சொல்.

எனேக்கோ விஷயம் எழுதியிருந்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர்தான் எடுத்தார் என்று யார் பார்த்தது? அதை மட்டும் கேட்கிறேன்.

இங்கே இரண்டு நாளாக இடி. தூக்கமே இல்லை. வெட்டாதே அக்கா.

ஹார்லன்


பாட்டர் கிரீக்
ஆகஸ்ட் 9

வெட்டிவிட்டேன்.

பள்ளியில் பிள்ளைகளுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறாரே, அந்த மாஸ்டர் வந்து வெட்டினார். வண்டி உடையவில்லை. விரிசலும் இல்லை. "அம்மா, இது தாங்கலுக்கு வெச்சது இல்ல, மறைக்க வெச்சது" என்றார். எனக்குத் திருட்டு வண்டியைத் தலையில் கட்டிவிட்டாய் என்றுதான் அப்போது நினைத்தேன். அப்போதே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. அத்தோடு முடிந்திருந்தால் உன்னைத் திட்டிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

இஸ்திரிச் சட்டைப் பையன் வந்தான். என் முற்றத்து மண்ணில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, எண் எண்ணாகப் படித்து எழுதினான். திருட்டுப் பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டு, "அந்த மாதிரி புகார் எதுவும் இல்ல மேடம், நிம்மதியாப் போங்க" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். நானும் நிம்மதியாகத்தான் போனேன். அலுவலகப் பெண் நம்பரை அடித்தாள். திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"என்ன வெர்னா, விளையாடுறீங்களா? இது உங்க வண்டிதானே?"

"என்னம்மா சொல்ற?"

"ஆர்லோ பேர்ல இருக்கு. 2003-ல பதிஞ்சது. பத்திரம் உங்க வீட்டுலதானே இருக்கும்!"

இருக்கிறது. என் மேசை இழுப்பறையில், அவருடைய இறப்புச் சான்றிதழுக்கு அடியில். ஒன்றரை மாதமாக உன்னிடம் கெஞ்சிக் கேட்ட பத்திரத்தின் மேல்தான் தினமும் பேனாவை வைத்து எடுத்திருக்கிறேன்.

ஆர்லோ புகார் கொடுத்திருந்தால் என்றைக்காவது ஒருநாள் பிடிபட்டிருப்பாய். சிநேகிதனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்ற பெருந்தன்மையில் ஊர் முன்னால் எனேக்கோவின் மானத்தை வாங்கினோம். நீ அதே மேசையில் உட்கார்ந்து பீன்ஸ் தின்றுகொண்டிருந்தாய், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இரண்டாவது முறை வாங்கித் தின்றாய். ஆர்லோ கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தபோது, "எனேக்கோ ஏன் அப்படிச் செஞ்சான்?" என்று எத்தனை தடவை கேட்டார். நீ கட்டில் பக்கத்தில் நின்று அவருக்குத் தலையணையைச் சரிசெய்தாய்.

இழவு நாளில் எனேக்கோவைப் போகச் சொல்லு என்று உன்னையல்லவா அனுப்பினேன்! நீயும் போனாயே. எப்படிப் போனாய்?

கையில் ஓடுகிற ரத்தம் உன்னோடது என்று நினைத்தால் எனக்கு என் கையே குமட்டுகிறது. என்ன நடந்தது என்று எழுது. பொய் ஒன்று இருந்தாலும் நோராவின் கழுதைகளுக்கு வேலையே இருக்காது, நான் மேலே ஏறி வந்துவிடுவேன்.

வெ.


ஸ்கார் மலைக் கோபுரம்
ஆகஸ்ட் 17

அக்கா,

எழுதுகிறேன். என்னைத் திட்டு, ஆனால் முழுசாகப் படி.

நீங்கள் ஊரில் இல்லாதபோது பள்ளத்துக்கு மேலே ஒரு பெரிய எல்க் மானைச் சுட்டேன். எனக்கு அந்த வருடம் அனுமதிச் சீட்டு இல்லை. யாரும் பார்ப்பதற்குள் அதைக் கீழே கொண்டுவர வேண்டியிருந்தது. அரை நாளுக்கு எடுத்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் சாவியை எடுத்தேன். சரிவில் வண்டி உருண்டு ஓடைக்குள் போய்விட்டது. முன் அச்சு வளைந்துவிட்டது. பழைய சுரங்கக் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். சாமான் வரவழைத்துச் சரிசெய்து, ஒரு வாரத்தில் இருந்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும் என்பதுதான் என் எண்ணம். சாமான் வரத் தாமதமாகிவிட்டது. அதற்குள் அந்த விருந்து. ஆர்லோ அப்படி எழுந்து நிற்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த நிமிடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் நிறையச் சாப்பாடு இருந்தது. முழுங்குவதற்குள் எனேக்கோ போய்விட்டார். மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது, அடுத்த வாரம் அதைவிடக் கஷ்டம். இப்படியே நாலு வருடம் போய்விட்டது. ஆர்லோ படுக்கையில் விழுந்த பிறகு சொன்னால் அந்த அதிர்ச்சியிலேயே போய்விடுவார் என்று பயந்தேன்.

உன் டிரக் நின்றுபோனபோது சந்தோஷப்பட்டேன் அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் வண்டி உன்னிடமே வந்து சேர இது ஒரு வழி என்று தோன்றியது. பெயின்ட் அடித்தேன், தகடு வைத்தேன், கொடுத்தேன். நீ வயலில் ஓட்டுவாய் என்று நினைத்தேன். இந்த ஊரில் ஒருத்தி நம்பர் பிளேட் வாங்கப் போவாள் என்று யார் கண்டது? ஒரு விதத்தில் பார்த்தால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனேக்கோவிடம் சொல்லிவிடாதே. அவர் பழசையெல்லாம் விட்டுவிட்டார். என்னிடம் நல்லபடியாகத்தான் இருக்கிறார். கிழவரின் நிம்மதியை எதற்குக் கெடுக்க வேண்டும்?

செப்டம்பர் 28 அன்று இறங்குகிறேன். வழக்கம்போல மலையடிவாரத்து பெல் முகாமில் காத்திருப்பேன். பள்ளி டிரக்கை இரவல் வாங்கிக்கொண்டு நீயே வா. நேரில் பேசிக்கொள்ளலாம்.

உன் தம்பி
ஹார்லன்


பாட்டர் கிரீக்
செப்டம்பர் 6

ஹார்லன்,

பிளேட் வந்துவிட்டது. ஆர்லோவின் பத்திரத்தையும் இறப்புச் சான்றிதழையும் நீட்டினேன், அரை மணி நேரத்தில் வண்டி என் பெயருக்கு மாறியது. 29-ஆம் தேதி காலை ஆறுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே அடுப்பைப் பற்றவைத்தேன். இஸ்திரிச் சட்டைப் பையன் எதிரே வந்தபோது தொப்பியைத் தொட்டான். வேலை தப்பியது, வீடும் தப்பியது. இரண்டு நாள்கூட அந்தச் சந்தோஷத்தை என்னால் அனுபவிக்க முடியவில்லை.

யாருக்கும் நஷ்டம் இல்லை என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியைப் படித்ததும் காகிதத்தை மேசையில் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மெய்யாகவே கழுவினேன்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. ஏழு வருடம் எனேக்கோவைத் திருடன் என்றவள் நான். கடையில் அவர் வரிசையில் நின்றால் நான் வேறு வரிசைக்குப் போவேன். அவர் மனைவி செத்தபோது ஊர் முழுக்கச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது. நான் ஒரு ரொட்டித் துண்டுகூட அனுப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் ஒரு ஆட்டை மடியில் சாய்த்து வைத்துக்கொண்டு குளம்பு வெட்டிக்கொண்டிருந்தார். நான் இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தார்.

"ஆர்லோவோடதா?"

"ஆமா."

"எங்க இருந்துச்சு?"

சொன்னேன். யார், எப்போது, எதற்கு, எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. நாலாவது குளம்பையும் முடித்து ஆட்டை எழுப்பி விட்டார். நான் மன்னித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? ஆர்லோகிட்ட போய்ச் சொல்லு."

அழக்கூட எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. வண்டிப் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் அவர் பேசினார். தலை நிமிராமல், கத்தியைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"சவ அடக்கத்தன்னிக்கு உன் தம்பி என்கிட்ட வந்தான். என்ன சொன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"போகச் சொன்னான். நான்தான் சொல்லச் சொன்னேன்."

"அதுக்கு முன்னாடி. தோள்ல கையப் போட்டான். 'நீங்க எடுக்கலைன்னு எனக்குத் தெரியும் எனேக்கோ. ஆனா அக்கா கேக்கமாட்டேங்குது'ன்னான். இந்த ஊர்ல என்னை நம்புறதுக்கு ஒரு ஆளாவது இருக்கானேன்னு வண்டியில உக்காந்து அழுதேன். வருஷா வருஷம் ஈஸ்டருக்கு அவன் வீட்டுக்கு ஆட்டுத் தொடை அனுப்புறேன். அதுக்குத்தான்."

நல்லபடியாகத்தான் இருக்கிறார் என்று நீ எழுதியது இதைத்தானா? அந்தக் கறியை எப்படி மென்றாய் ஹார்லன்? ஒருமுறை எனக்கும் பாதி கொண்டுவந்து கொடுத்தாய், சந்தையில் வாங்கியது என்று. நானும் தின்றிருக்கிறேன்.

நான் கிளம்பும்போது கேட்டார், "அவன் எப்ப எறங்குறான்?"

"இருபத்தெட்டு."

"பெல் முகாம்தானே?"

"ஆமா. நான் போகணும்."

"நீ போக வேணாம். நான் போறேன்."

என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "கூட்டிட்டு வரப் போறேன்" என்றார், அவ்வளவுதான். முப்பத்தொரு மைல், அந்தக் குண்டும் குழியுமான பாதையில் இரண்டு மணி நேரம் பிடிக்கும். டிரக்கில் நீயும் அவரும் மட்டும்தான்.

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கிறது. ஏறிக்கொள்.

வெர்னா